உவர்நிலத் திருத்தமும் உப்புக் கணக்கும்

காட்பாடியினின்று ஜோலார்ப்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களைத் தொட்டு, பெரும்பாலும் பாலாற்றின் போக்கையே பற்றிச் செல்கின்றது. அவ்வழியே பிரயாணம் செய்வோர் இரு வகைக் காட்சிகளைக் காணலாம். ஓரிடத்தில் தென்னந்தோப்பும் நெல்வயலும் கண்ணுக்கு இனிமையாய்த் தோன்றும். சிறிது தூரம் சென்றவுடன், வரப்புகள் மட்டும் எஞ்சி நிற்க, மண்மேல் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெண்மை படர்ந்து, சீமைக்கருவேல் ஒன்றே தழைத்துக் கிடக்கும் நிலங்கள் தோன்றும். முன்னது நம் நாட்டு மண்ணின் இயல்பு. பின்னது அதற்கு நேர்ந்த நோய்.

இந்நோயைத் தீர்க்கும் ஆராய்ச்சி நம் காலத்தில் உலகெங்கும் நடைபெறுகின்றது. அதைப் பற்றிய வியாசங்கள் சர்வதேச விஞ்ஞான மகாநாடுகளில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றன. இரசாயனமும் தாவரவியலும் பயிலும் நம் மாணவருள் சிலரேனும் பிற்காலத்தில் அத்தகைய சபையொன்றில் நின்று, நம் பாலாற்றங்கரை மண்ணைப் பற்றிப் பேசும் பேறு பெறுவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவ்வாறு பேசப் புகுவார் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் சுருங்கக் கூற விழைகின்றோம். அவற்றுள் தலையாயது ஒரு கேள்வி. நிலத்தினின்று நீக்கிய உப்பு எங்கே போயிற்று என்பதே அது. இதற்கு விடை கூறாத ஆராய்ச்சி, எத்துணை அழகாக வாசிக்கப்படினும், பாதி ஆராய்ச்சியே என்பது எம் கருத்து.

உவரும் களரும்

உப்பினால் கெட்ட நிலங்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. நம் முன்னோர் இவற்றை உவர் என்றும் களர் என்றும் இரு பெயரால் வழங்கினர். கல்லாதவரைப் பயன் விளையாத களர்நிலத்திற்கு வள்ளுவர் ஒப்பிட்டிருத்தலால், இந்நிலத்தின் இயல்பு தமிழர்க்குப் பழங்காலந்தொட்டே தெரிந்தது என்பது விளங்கும். தற்கால மண்ணியலாரும் இவ்விரு சொற்களையே இரு வேறு நிலைகளுக்குக் குறியீடாகக் கொண்டுள்ளனர்.

உவர்நிலம் என்பது நீரில் எளிதிற் கரையும் உப்புகள் மிகுந்த நிலம். மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, அக்குழம்பினின்று பிரித்தெடுத்த நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து இதனை அறிவர். அவ்வளவு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேற்படின் அஃது உவர்நிலம். இங்கே பயிர் வாடுவதற்குக் காரணம் நீரின்மையன்று. நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமையே. மண்ணீரில் உப்பு மிகுந்தால், அது நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக் கொள்ளும். ஆகவே, ஈரமுள்ள வயலிலே பயிர் தாகத்தால் மடிகிறது.

களர்நிலத்தின் நோய் வேறு. அங்கே சோடியம் என்னும் மூலகம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. களிமண் பற்றியிருக்கும் உலோகங்களுள் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சோடியம் ஆகுமானால், துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, நீர்பட்டவுடன் சேறாகிக் கரைந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் நிலம் கல்லாய் இறுகும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய மாணவர் தாமே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக அதனுள் இட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வைக்கவேண்டும். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போலக் கலங்கல் பரவி அது தெளியாமலே நின்றால், களர்த்தன்மை உண்டென்று கொள்ளலாம். நீர் தெளிவாகவே இருந்து, மண்ணின் மேல் மட்டும் முன்னர் வெண்பொடி பூத்திருந்தால், உவர் என்று ஊகிக்கலாம். இச்சோதனை வழிகாட்டியேயன்றி முடிவன்று. முடிவை ஆய்வுசாலை அளவே கூறவேண்டும்.

தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாய்ந்த நிலங்களில் பெரும்பாலும் இவ்விரு நோய்களும் கலந்தே காணப்படும். சோற்றுப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. அது மண்ணீரில் மிகுந்தவுடன் உவராகிறது. அதன் சோடியம் களிமண்ணைப் பற்றியவுடன் களராகவும் மாறத் தொடங்குகிறது.

பாலாற்றங்கரைக்கு உப்பு வந்த வழி

பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நாட்டைக் கடந்து, நம் ஜில்லாக்களின் வழியாகச் சென்று, கற்பாக்கத்திற்குத் தெற்கே வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணலே தெரியும். நீர் மணலுக்கு அடியில் நடக்கும். அவ்வூற்று நீரை நம்பியே கரையோரத்துக் கிணறுகளும், ஊற்றுக்கால்களும், குடிநீர்த் திட்டங்களும் அமைந்தன. ஆற்றுமணல் நீரை மறைத்துக் காப்பது போலவே, நீரிற் கலந்ததையும் மறைத்துக் காத்துவிட்டது என்பதே நம் துயரத்தின் தொடக்கம்.

பச்சைத்தோல் அழுகாமல் இருப்பதற்காக, அதை உரித்த இடத்திலேயே உப்பிட்டு அனுப்புவது வழக்கம். தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் உப்புத் தூவப்படுகின்றது. அத்தோல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளை அடைந்தவுடன் செய்யப்படும் முதல் வேலை, அதை நீரில் ஊறவைத்து அவ்வுப்பை நீக்குவதே. பின்னர், பதனிடுமுன் அமிலமும் உப்பும் கலந்த நீரில் மறுபடியும் அதை இடுவர். இவ்வாறு நீங்கிய உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும்.

ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. எனினும், 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்தி, முற்றும் முடித்த தோலையும் அதனாலாய பொருள்களையும் ஊக்குவித்தபோது, தொழில் விரிந்தது. குரோமியப் பதனீடும் மிகுந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். குரோமியம் நஞ்சுத்தன்மையால் அஞ்சத்தக்கதாயினும், பதனீட்டில் வழங்கும் அதன் வகை பெரும்பாலும் சேற்றிலும் மண்ணிலும் படிந்து நின்றுவிடும். உப்போ நீர் சென்ற இடமெல்லாம் செல்லும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தி செய்யும் தொட்டிகள் அழுகும் பொருள்களை நீக்குமேயன்றி, உப்பில் ஓர் அணுவையும் நீக்கமாட்டா. ஆகவேதான் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன.

இக்குறையை வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றத்தின்முன் கொண்டு சென்றனர். 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் நாள், நீதிபதி குல்தீப் சிங் முதலிய மூவர் அதற்குத் தீர்ப்பளித்தனர். கெடுத்தவரே கெட்டதைச் சரிசெய்யும் செலவைத் தாங்கவேண்டும் என்னும் கொள்கையும், கேடு வருமுன் தடுத்தல் வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த அளவையின்படி, தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று அதிற் குறிக்கப்பட்டுள்ளது. அதன்பின் ஈட்டுத்தொகையை வரையறுக்க ஓர் அதிகார சபை அமைந்தது. 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் நாளில் அதே நீதிமன்றம், எஞ்சிய ஈட்டுத்தொகையைச் செலுத்துமாறும், ஆற்றின் நிலையைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்குமாறும் மறுபடியும் கட்டளையிட்டது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை பட்டம் பெற்றுத் தொழில் தேடிச் செல்லும் காலம் அது.

நம் கல்லூரியில் நிலமுடையார் பிள்ளைகளும் பயின்றுள்ளனர். தோல்ஷாப்பில் உழைப்போர் பிள்ளைகளும், அதை நடத்துவோர் பிள்ளைகளும் பயின்றுள்ளனர். ஒருவருடைய சம்பளப் பணம் தென்னையினின்று வந்தது. மற்றொருவருடையது தோலினின்று வந்தது. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து பாடங்கேட்டனர். ஆதலின் ஒரு பக்கத்தாரைத் தூற்றி மற்றொரு பக்கத்தாரைப் போற்றுதல் எம் நோக்கமன்று. இருவருக்கும் பொதுவானது அடியிலுள்ள நீர்.

திருத்தும் முறைகள்

உப்புநிலத்தைப் பற்றிய ஆராய்ச்சி இந்தியாவில் ஒரு கிராமத்தாரின் முறையீட்டினின்று தோன்றியது. 1855-ஆம் வருஷத்தில், யமுனை மேற்குக் கால்வாய் பாயும் கர்னால் பகுதியிலுள்ள மூனக் என்னும் கிராமத்தார், தம் வயல்களில் உப்புப் பூத்து விளைவு குன்றியதென்று முறையிட்டனர். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டில் ஹில்கார்டு என்பாரும், ஹங்கேரியில் சிக்மாண்டு என்பாரும், ருஷியாவில் கெட்ராய்ட்ஸ் என்பாரும் இத்தகைய மண்ணின் இரசாயனத்தை விளக்கினர். இந்திய சர்க்காரின் விவசாய இரசாயன நிபுணராயிருந்த லெதர் என்பவர் வடநாட்டு ஊசர் நிலங்களில் ஜிப்ஸம் இட்டுச் சோதித்தார். 1969-ஆம் வருஷத்தில் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்று, அவ்வாண்டிலேயே கர்னாலுக்கு மாற்றப்பட்டது.

களர்நிலத்திற்கு அந்நிலையத்தார் வகுத்த முறை எளிமையானது. நிலத்தைச் சமன் செய்து வரப்பை உயர்த்துக. ஜிப்ஸத்தைத் தூளாக்கி மேல்மண்ணில் ஆழமின்றிக் கலக்குக. நல்ல நீரைச் சில நாள் தேக்குக. பின்னர் நெல் நடுக. ஜிப்ஸத்திலுள்ள கால்ஷியம் களிமண்ணைப் பற்றி நின்ற சோடியத்தை வெளியேற்றி, அதனிடத்தில் தான் அமரும். வெளியேறிய சோடியம் கந்தகத்தோடு கூடிய உப்பாகி நீரோடு கீழே இறங்கும். இம்முறையால் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய நாடுகளில் பெருமளவு களர்நிலம் விளைநிலமாயிற்று. நம் நாட்டிலும் தக்கைப்பூண்டை மடக்கி உழுதலும், திருச்சியில் வேளாண்மைக் கல்லூரியார் களர்நிலத்திற்கென்று வெளியிட்ட டி.ஆர்.ஒய். 1 என்னும் நெல்லைப் பயிரிடுதலும் வழக்கில் வந்துள்ளன.

உவர்நிலத்திற்கு மருந்து நீரே. ஓரடி ஆழமுள்ள மண்ணின் வழியாக ஓரடி உயர நன்னீரை இறக்கினால், அதிலுள்ள கரையும் உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீங்கும் என்பது மண்ணியலார் கண்ட பொது விதி. ஆனால் உவரும் களரும் கலந்த நிலத்தில் இதை மட்டும் செய்தல் தவறு. உப்பு நீங்கியவுடன், அதுவரையில் அடங்கியிருந்த சோடியக் களிமண் கலைந்து துளைகளை அடைத்துவிடும். உவர் நீங்கிக் களர் வந்து சேரும். ஆகவே, முதலில் கால்ஷியம், பின்னரே கழுவுதல் என்னும் வரிசையை மறத்தலாகாது.

மூன்றாவது முறை, உப்பை விரும்பி உண்ணும் செடிகளை வளர்த்தல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் ரவீந்திரனும் அவரோடு உழைத்தோரும் 2007-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கடற்கரை உவர்நிலத்துச் செடிகள் ஆறினை அவர்கள் பயிரிட்டுப் பார்த்தனர். அவற்றுள் உமரி இனத்தைச் சேர்ந்த சுவேடா மாரிட்டிமா, தரையிற் படரும் தடித்த இலையுள்ள செசுவியம் ஆகிய இரண்டும் சிறந்தன. ஒரு ஹெக்டேர் நிலத்தினின்று நான்கு மாதத்தில் முன்னது 504 கிலோவும், பின்னது 474 கிலோவும் சோற்றுப்பை அகற்றக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். வேலூரில் நன்னீர் அரிதாகையால், நீரைப் பெரிதும் வேண்டாத இம்முறை நமக்கு ஆசை தருவதாயிருக்கிறது. ஆசைப்படுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

உப்புக் கணக்கு

வரவு, செலவு, இருப்பு என்பன கடைக்காரர் மட்டும் எழுதும் ஏடு அல்ல. உப்பு எரிந்து சாம்பலாவதில்லை, அழுகி மறைவதுமில்லை, இடம் பெயர்தலே அதற்கு இயல்பு. ஆகையால் அதன் கணக்கை எவரும் எழுதலாம்.

செலவுப் பக்கத்தில், மேற்கூறிய செடி ஒரு ஹெக்டேரில் நீக்கும் 504 கிலோவை எழுதுவோம். வரவுப் பக்கத்தில், பாசன நீரோடு வரும் உப்பை எழுதுவோம். ஆலைக் கழிவுநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது சர்க்கார் வகுத்த எல்லை. அவ்வெல்லையளவே உப்புள்ள கிணறு ஒன்றினின்று, ஒரு பயிர் விளையும் காலத்தில் அரை மீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 50 லட்சம் லிட்டர் ஆகிறது. அதனோடு வரும் கரைபொருள் 10,500 கிலோ. அது முழுவதும் சோற்றுப்பன்று என்பது உண்மையே. ஆயினும் பெரும்பகுதி அதுவே எனலாம். செடி அரை டன்னை எடுத்துச் செல்லும் காலத்தில், கிணறு பத்து டன்னைக் கொண்டுவந்து சேர்க்கிறது. செலவு ஒரு பங்கு, வரவு இருபது பங்கு. இக்கணக்கில் நிலம் எவ்வாறு திருந்தும்?

மற்றொரு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு உப்பு எனின், 504 கிலோ உப்பு 1,260 கிலோ தோலுக்குத் தூவப்படுவது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் நான்கு மாதம் செடி செய்யும் வேலையை, அவ்வளவு தோலை ஊறவைக்கும் நீர் ஒரே நாளில் அழித்துவிடும். இதனால் அச்செடிகளின் ஆராய்ச்சி பயனற்றதென்று கொள்ளலாகாது. வரவை நிறுத்தியபின்னரே அது பயன்படும் என்பதே இக்கணக்கு கற்பிக்கும் பாடம்.

வரவை நிறுத்தும் வழிகளும் இல்லாமலில்லை. ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பை எடுத்தல், குறைந்த உப்பால் தோலைக் காத்தல், ஊறல் நீரை மட்டும் தனியே பிரித்து வெயிலில் வற்ற வைத்தல் ஆகியன வழக்கத்தில் உள்ளன. 1948-ஆம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வகையில் உழைத்து வருகின்றனர். பல ஊர்களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதபடி நன்னீரைப் பிரித்து மீண்டும் வழங்கும் இயந்திரங்களும் வைக்கப்பட்டுள்ளன. அங்கேயும் முடிவில் எஞ்சுவது உப்புக் குவியலே. அக்குவியலை மழை படாமற் காத்தலும், அதற்கொரு பயன் காணுதலும் இன்னும் முடியாத வேலை.

கழுவி இறக்கிய உப்பின் கதியையும் நினைத்தல் வேண்டும். நம் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே உதிர்பாறையும், அதன்கீழ் வெடிப்புள்ள கரும்பாறையும் உள்ளன. வயலினின்று கழுவிய உப்பு அவ்வெடிப்புகளின் வழியே கிணற்றை அடையும். கிணற்றினின்று மோட்டார் அதை மறுபடியும் வயலுக்கே ஏற்றும். இச்சுழலைத் துண்டிக்க நமக்குள்ள நன்னீர் மழை ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு கோடி லிட்டர் உப்பில்லா நீர் விழுகிறது. அது முழுவதும் மண்ணில் இறங்காது. ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி ஓடிவிடும். வரப்பை உயர்த்தி, ஜிப்ஸத்தை மழைக்கு முன்னரே இட்டு, ஏரிகளையும் வரத்துக்கால்களையும் தூர்வாரி வைத்தால், ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உப்பு தணிந்து, ஆற்றில் வெள்ளம் வருங்காலத்தில் கடலை நோக்கிச் செல்லும். இது விரைவான மருத்துவமன்று. ஆயினும் கணக்குக்கு ஒத்தது.

உலக சபையில் நம் நிலம்

மண்ணியலாரின் சர்வதேச சங்கம் 1924-ஆம் வருஷத்தில் ரோமாபுரியில் நிறுவப்பட்டது. அதன் முதல் மகாநாடு 1927-இல் வாஷிங்டன் நகரிலும், பன்னிரண்டாவது மகாநாடு 1982-இல் புதுதில்லியிலும் கூடின. உப்புநிலத்திற்கென்றே உலக உணவு விவசாய ஸ்தாபனத்தார் 2021-ஆம் வருஷம் அக்டோபர் 20 முதல் 22 வரையில் ஒரு மகாநாடு நடத்தினர். அப்பொழுது உலக உப்புநிலங்களின் படமொன்று வெளியாயிற்று. 118 தேசங்களின் அளவைகளைக் கொண்டு, மேல்மண்ணில் 42 கோடியே 40 லட்சம் ஹெக்டேருக்கு மேலும், கீழ்மண்ணில் 83 கோடியே 30 லட்சம் ஹெக்டேரும் உப்பால் தாக்குண்டன என்று அது காட்டிற்று. அம்மகாநாடு கணிப்பொறித் திரையின் வழியே நடந்தது. கப்பலேறாமலும் கடவுச்சீட்டு வாங்காமலும், தத்தம் ஊரிலிருந்தே உலக சபையில் அமரும் காலம் இது.

இத்தகைய சபைகளில் நம் நிலத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் யாது? கர்னால் நிலையத்தார் வழங்கும் இந்திய அட்டவணையில் அதற்கு விடையுண்டு. அதன்படி இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் பங்கு 3,68,015 ஹெக்டேர். அதில் களர்நிலம் 3,54,784. கடற்கரை உவர்நிலம் 13,231. கடற்கரையல்லாத உள்நாட்டு உவர்நிலம் என்னும் பத்தியில் தமிழ்நாட்டுக்கு நேரே நிற்பது சுழி. ஆலை நீரால் உவர்த்த நிலத்திற்கு அவ்வட்டவணையில் தனியிடம் இல்லை. உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய 35,000 ஹெக்டேருக்கும் இச்சுழிக்கும் உள்ள முரண்பாடு, ஒருவர் பொய் கூறியதால் வந்ததன்று. அளந்த நோக்கமும் முறையும் வேறு. அட்டவணையார் மண்ணின் இயற்கை வகையைப் பகுத்தனர். வேலூர் நிலையத்தார் சாகுபடிக்கு நேர்ந்த கேட்டை அளந்தனர். எனினும் பத்தியில் இல்லாத நிலத்திற்குப் பணமும் திட்டமும் எளிதில் வாரா. ஆகவே நம் நிலத்தை அளந்து, உலகறியச் சபையில் வைப்பது ஒரு கடமையாகின்றது.

வியாசம் வாசிக்கும் முறை

சபையில் பன்னிரண்டு அல்லது பதினைந்து நிமிஷங்களே கிடைக்கும். அச்சிறு காலத்தில் வாசிப்போர் கூறவேண்டியவற்றை வரிசையாகத் தருகின்றோம்.

முதலாவது, நிலம் எவ்வாறு கெட்டது, கெடுக்கும் நீர் நின்றதா இன்னும் வருகின்றதா என்பது. இதைக் கூறாமல் திருத்தத்தைப் பற்றிப் பேசுதல், ஓட்டையை அடைக்காமல் படகினின்று நீரை இறைத்ததாகப் பெருமை கூறுவது போலாம்.

இரண்டாவது, அளவுகள். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் மண் எடுக்கப்பட்டது என்று சொல்லவேண்டும். கோடையில் உப்பு மேலே ஏறும்; மழைக்குப்பின் கீழே இறங்கும். மே மாதத்து மண்ணையும் டிசம்பர் மாதத்து மண்ணையும் ஒப்பிட்டு, குறைந்த உப்பு தம் மருந்தால் குறைந்ததென்று கூறுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்வர். ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் எடுத்தலே முறை.

மூன்றாவது, ஒப்புப் பாத்தி. மருந்திடாத பாத்தி ஒன்று பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். மழையும் வெயிலும் இரண்டுக்கும் பொதுவாகையால், வேறுபாடு மருந்தினுடையதென்று துணிந்து கூறலாம்.

நான்காவது, தோல்வி. முளைக்காத விதை, இறந்த கன்று, அடைத்துக்கொண்ட மண் ஆகியவற்றையும் மறையாமல் சொல்லவேண்டும். பிறர் அதே குழியில் விழாமற் காத்தலும் விஞ்ஞானத்தின் தொண்டே.

ஐந்தாவது, நாம் முதலிற் கூறிய கேள்வி. செடி உறிஞ்சியதாயின், அச்செடியை அறுத்து எங்கே கொண்டு போயினர்? வயலிலேயே அழுகவிட்டால் உப்பு மண்ணுக்கே திரும்பும். கழுவியதாயின், அடுத்த கிணற்று நீரை முன்னும் பின்னும் அளந்தனரா? தம் வயல் திருந்தி அயலான் கிணறு கெட்டிருக்குமாயின், அது திருத்தமன்று. உப்புக்கு வீடு மாற்றிக் கொடுத்ததே. சபையில் எவரேனும் எழுந்து இதைக் கேட்குமுன் வாசிப்போர் தாமே கூறிவிடுதல் சிறப்பு.

வெண்மை படர்ந்த நிலத்தின் படத்தையும், பின்னர்ப் பசுமையான அதே நிலத்தின் படத்தையும் திரையில் அடுத்தடுத்துக் காட்டினால் சபையோர் கைதட்டுவர். படம் காட்டுதல் தவறன்று. ஆயினும் இரு படங்களுக்கும் இடையில் ஓர் உப்புக் கணக்கு இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மூனக் கிராமத்தார் முறையிட்ட காலத்தில் அவர்களுக்கு இரசாயனமும் தெரியாது, மின்னோட்ட அளவும் தெரியாது. தம் நிலம் முன்போல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அம்முறையீடு எழுதப்படாதிருந்தால், கர்னாலின் ஆராய்ச்சி வரலாற்றுக்குத் தொடக்கமே இராது. வேலூரிலும் வழக்கைத் தொடங்கியவர் குடிமக்களே. அறிவு எப்பொழுதும் ஆய்வுசாலையினின்று வயலுக்குச் செல்கிறது என்று நினைத்தல் பிழை. பல சமயங்களில் அது கிணற்றடியினின்றே புறப்படுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். நம் மாணவருள் எவரேனும் பாலாற்றங்கரை மண்ணைப் பற்றி ஆராய்ந்து, ரோமாபுரியிலோ தில்லியிலோ வாசிக்க அழைக்கப்படுவாராயின், அவ்வியாசத்தை முதலில் அம்மண்ணுக்குரியவர் முன்னிலையில், அவர் கிணற்று மேடையில் நின்று, தமிழில் வாசிப்பாராக. தோல் சாலையில் உழைப்போரும் அங்கே அழைக்கப்படுவாராக. எண்கள் சரியா என்று உலக நிபுணர் கூறுவர். நிலம் திருந்திற்றா என்று அங்கே உழுதவரே கூறவல்லர். இரு சபையாரும் ஒப்பிய வியாசமே முழுமையுற்ற வியாசம்.